விட்டுப்போன ஒரு வரி

அந்தக் கம்ப்யூட்டர் சில்லுக்கு இரண்டு பக்கமும் கரப்பான்பூச்சி மாதிரிக் கால்கள், முதுகில் வட்டமாகச் சின்னக் கண்ணாடி. தேயிலை உலர்த்தும் டிரையரின் மூளையே அதற்குள்தான் இருக்கிறது என்றார் ஈப்போ டவுனிலிருந்து வந்த இஞ்சினியர். எண்பதுகளின் நடுவில், சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் ஒரு பெட்டியை எங்கள் எஸ்டேட் தொழிற்சாலையில் பொருத்த வந்தவர். நல்லவர்போலத்தான் பேசுவார். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சலிப்பறையில் வேலை. கம்ப்யூட்டருக்குத் தேயிலைத் தூசு ஆகாது என்று இஞ்சினியரின் அறையைத் துடைக்க அனுப்பினார்கள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். டிரையரைப் பார்த்துக்கொண்டவர் என் அண்ணன் என்பதால் அந்தப் பெட்டியை நினைத்தாலே தூக்கம் வராது. “சார், ஒண்ணும் விட்டுப் போகலியே?” என்று துடைக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

“அக்கா, நீங்க என் மாமியார விட மோசம் லா,” என்பார். ஆனாலும் விளக்கினார். “கொழுந்த வாட்டாம ரோலர்ல போடுவீங்களா? இதுவும் அப்படித்தான். நான் எழுதுறது துண்டு துண்டா இருக்கும். ஒவ்வொண்ணையும் மெஷின் பாஷைக்கு மாத்தணும், அப்புறம் சேர்த்து ஒட்டணும், கடைசியாச் சில்லுல ஏத்தணும். எது முந்தி, எது பிந்தின்னு பார்த்துச் செய்ய ஒரு புரோகிராம் இருக்கு. எது எதை நம்பியிருக்குன்னு நான் எழுதிக் கொடுத்தாப் போதும்.”

“தெனமும் எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யுமா சார்?”

“அதுக்கு யாருக்கு நேரம்? மாத்தினதையும் அதை நம்பியிருக்கிறதையும் மட்டும் செய்யும். மத்ததுக்குப் பழசையே எடுத்துக்கும்.”

“நீங்க எழுத மறந்துட்டா?”

சிரித்தார். “அதுக்குத் தெரியாது. மாறலன்னு நெனச்சிக்கும். போய் டீ கொண்டாங்க.”

வெறும் டிரையரை ஓட்டிப் பார்க்க ஏற்றி வைத்திருந்த சூட்டை, நிஜக் கொழுந்துக்காகக் குறைத்து எழுதினார். அந்தச் சூட்டின் எண்ணை எடுத்துக்கொள்பவை இரண்டு துண்டுகள்: பெட்டியின் முகப்பில் எண்ணைக் காட்டுவது ஒன்று, அடுப்பை ஆள்வது இன்னொன்று. எல்லாவற்றையும் சில்லில் ஏற்றிவிட்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். மறுநாள் முகப்பில் குறைத்த எண் ஒழுங்காக நின்றது. அடுப்போ பழைய சூட்டுக்கே ஏறியது. கருகல் வாசனை வந்ததும் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பது துரையின் உத்தரவு. அனுமதி கேட்க ஆபீசுக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் தட்டுகளில் இருந்தது எல்லாம் கரி.

துரை முகப்பைப் பார்த்தார். “நம்பர் சரியாத்தானே காட்டுது? நீதான் கை வெச்சிருக்கே. பெட்டியா பொய் சொல்லும்?”

“சாமி சத்தியமாத் தொடலிங்க தொரை.”

அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, அண்ணனின் பெயரை மலையில் களைக்கொல்லி அடிக்கிற ஆட்களோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

இஞ்சினியர் திரும்பி வந்து, நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, எழுதியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அடுப்புத் துண்டும் அந்த எண்ணை நம்பியிருக்கிறது என்று எழுத மறந்திருந்தார். அதனால் அந்தப் புரோகிராம் அதை மட்டும் மறுபடி செய்யாமல், பழைய துண்டையே எடுத்து ஒட்டியிருந்தது. ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்து, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து செய்தார்.

“அப்போ எங்கண்ணன் மேல தப்பில்லியே சார்? தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அதான் சரி பண்ணிட்டேன்ல அக்கா. இப்பப் போய்ச் சொன்னா கம்பெனி பேரு கெட்டுடும் லா.”

நானே போய்ச் சொன்னேன். “தொடைக்கப் போன எடத்துல இஞ்சினியரிங் படிச்சிட்டு வந்தியா?” என்றார் துரை. ஆபீசே சிரித்தது.

பெட்டியின் பொய்யை நம்பித்தானே அண்ணனுக்குத் தண்டனை கொடுத்தார்கள்? பொய் என்று தெரிந்த பிறகு அதையும் மாற்றியிருக்க வேண்டாமா? எதை மாற்றினால் எதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்தியவர் அந்த இஞ்சினியர். தெரியாமலா இருந்தார்? விஷ டப்பாவை முதுகில் சுமந்தே அண்ணன் ஓய்வுபெற்றார்.

போன வாரம் பிரிஞ்சாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, “ஒருவேள நானே தெரியாமக் கை வெச்சிருப்பேனோ, தங்கச்சி?” என்று கேட்டார். இத்தனை வருடமாக அது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“இல்லண்ணே, நீங்க தொடல,” என்றேன். அன்றைக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டிய வாய் என்னுடையது அல்ல.