மான் சுவர்

தண்ணீர் லாரி ஓட்டிய ரெங்கராஜுக்குப் போனில் வரும் மேப் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. வழி தெரியாவிட்டால் முதலில் தென்படும் வீட்டின் கதவைத் தட்டுவான். இந்தப் பழக்கத்தால் சவூதியில் பாதிப் பேர் வீட்டுக் காப்பியைக் குடித்தவன் அவன். ஒவ்வொரு வீட்டிலும் கையைப் பிடித்து உள்ளே இழுத்ததை ரூமில் நடித்துக் காட்டுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். எனக்கும் அறந்தாங்கிப் பக்கம்தான் என்பதால் என்னிடம் கூடுதலாக அளப்பான்.

போன ஜூலையில், வடக்கே ரோடு போடும் சைட்டில் தண்ணீரை இறக்கிவிட்டு வெறும் லாரியோடு கிளம்பியவன் கேம்புக்கு வந்து சேரவில்லை. மறுநாள் தேடிப் போனோம். புழுதிக்காற்றில் தடம் மாறி, லாரி மணலில் புதைந்து நின்றது. சிக்னல் இல்லாத இடம். ஆளைக் காணோம்.

"வண்டிய விட்டு நகராதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று ஃபோர்மேன் ஸ்ரீகாந்த் கத்தினார். எனக்கும் கோபம்தான். உயிரோடு கிடைக்கட்டும், நறுக்கென்று நாலு கேள்வி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர். அதை ஒட்டியே அவனுடைய செருப்புத் தடம் போயிற்று. வழிகாட்ட வந்த அரபிக் கிழவர் சுவரைப் பார்த்ததும், "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. பல நூறு வருடத்துக்கு முன் மான் பிடிக்கக் கட்டியதாம். விரட்டினால் மான் சுவரைத் தாண்டாது, ஒட்டியே ஓடும். எதிர்ப்பக்கம் இன்னொரு சுவர் நெருங்கி வரும். இரண்டும் சேருமிடத்தில் பள்ளம்.

ஓடினோம். பாதி தூர்ந்த அந்தப் பள்ளத்தில் ரெங்கராஜ் சுருண்டு கிடந்தான். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. புழுதி அடங்கியிருந்ததால், சுவருக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் லாரிகள் போவது தெரிந்தது.

அவன் மனைவி சரோஜாவிடம் நான்தான் போனில் சொல்ல வேண்டியதாயிற்று. அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுவரைப் பற்றிச் சொன்னதும் அழுகை நின்றது.

"செவரு இருந்துச்சுன்னா வீடு இருக்குமேண்ணே? ஒருத்தருமா தண்ணி குடுக்கல?"

"வீடெல்லாம் இல்லம்மா. அது மான் பிடிக்கக் கட்டுனது. ஒண்ணுமே இல்லாத காடு."

"அப்ப, இந்தா வீடு வந்துரும், இந்தா வந்துரும்னே நடந்திருப்பாரு," என்றாள்.