கண்ணை மேலே தூக்கினால் ஆமாம்

பிறந்த மூன்றாம் மாதத்தில் குழந்தைக்குக் கழுத்து நிற்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே, தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் கிரஷில் ஆயாவாகச் சேர்ந்திருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். உத்தரத்தில் வரிசையாகத் துணித்தொட்டில்கள் தொங்கும். பால் கலக்குவது, ஊட்டுவது, கழுவுவது, தூங்க வைப்பது எல்லாம் நானும் இன்னொரு ஆயாவும்தான். எத்தனையோ பிள்ளைகள் என் கண் முன்னால் குப்புற விழுந்தன, தவழ்ந்தன, சுவரைப் பிடித்து நின்றன. ஒரு குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் போதும், அதற்கு என்ன வயது, எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று சொல்லிவிடுவேன். ஏதாவது தாமதமானால் தாய்மார் பயப்படுவார்கள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளரும், போ" என்று அனுப்பி வைப்பேன். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்தது.

என் மகள் பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஆடி மழையில். சாலையில் மண் சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. எஸ்டேட் லயத்தின் வரிசை வீட்டிலேயே ஒன்றரை நாள் வலி. பிறந்தபோது அவள் அழவில்லை. பிரசவம் பார்த்த அம்மாள் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். அடுப்பில் வெந்நீர் கொதித்து மூடி ஆடும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துப் பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது நாள் கழித்துப் பக்கத்து வீட்டிலும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டுக்காரி என் சிநேகிதி. என் வீட்டுக்காரரின் ஊர்ப்பக்கத்தவள் என்பதால் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே கல்லில் வசம்பு உரசினோம். ஒரே கொடியில் துணி காயப் போட்டோம்.

மூன்றாம் மாதம் அவள் குழந்தைக்குக் கழுத்து நின்றது. என் குழந்தையின் தலை, தூக்கினால் பின்னால் சாய்ந்தது. ஐந்தாம் மாதம் அவள் குழந்தை குப்புற விழுந்தது. என் குழந்தை கட்டை விரலை உள்ளே மடக்கிக் கை முஷ்டியை இறுக்கி வைத்திருந்தாள். காலை நீட்டிக் குளிப்பாட்டும்போது இரண்டு காலும் ஒன்றன்மேல் ஒன்று கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அன்றைக்கே கம்பவுண்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். என் பிள்ளை என்பதால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கிரஷில் அவளுடைய தொட்டிலைக் கடைசியில், மற்றத் தாய்மார் கண் படாத மூலையில் கட்டினேன்.

சிநேகிதியின் மகள் பதினோராம் மாதமே நடந்துவிட்டாள். ஆனால் காலையில் கிரஷுக்கு வரும்போது சிநேகிதி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே வருவாள். குழந்தை இறங்கத் துடிக்கும். இவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி வரைக்கும் வந்து என் கையில் கொடுப்பாள். தன் மகள் நடப்பதை என் கண்ணில் காட்டாமல் மறைப்பதாக அவளுக்கு நினைப்பு. பகல் முழுதும் அந்தக் குழந்தை என் காலைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தது. நானும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. இருவரும் ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடித்தோம்.

இதற்கிடையே, என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனால், அங்கிருந்த டாக்டர் குழந்தையின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். "மூளை வளர்ச்சி இல்ல. இது இப்படித்தான் இருக்கும். வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் காட்டிக்கொண்டே வந்தார். "அங்க பாரு, அருவி. தண்ணி எப்படி விழுது பாரு."

"அதுக்கு என்ன தெரியும்ன்னு சொல்லிட்டு வாறீங்க?" என்றேன்.

"தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

தேயிலைப் பாக்டரியில் அவருக்கு வேலை. சாயங்காலம் வந்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பார். எந்த மெஷின் நின்றுபோனது, எந்த லாரி வரவில்லை, யாருக்கு யாரோடு சண்டை என்று எல்லாம் அவளிடம் சொல்வார். சுவரிடம் பேசுவது போல இருக்கிறது என்று நான் அலுத்துக்கொள்வேன். நான் அவளைக் குளிப்பாட்டினேன், துவட்டினேன், ஊட்டினேன். கை ஓயாமல் செய்தேன். வாய் திறந்து அவளிடம் பேசியது குறைவு. அவளைப் பற்றி மற்றவர்களிடம் பேசினேன், அவள் முன்னாலேயே.

சாப்பாடு ஊட்டுவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பாடு. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரமாகும். கிரஷில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊட்டுவது போல மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கஞ்சியை ஊற்றுவேன். புரையேறும். முகம் நீலம் பாரிக்கும். முதுகில் தட்டுவேன். பிறகு ஒரு வாரத்தில் காய்ச்சல் வரும், நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்கும். மழைக்காலம் முழுக்க இப்படித்தான். சளி பிடித்த உடம்பு என்று கம்பவுண்டர் மருந்து கொடுப்பார்.

மூன்றாம் வயது மழையில் அப்படி ஒரு காய்ச்சல் பத்து நாளாக விடவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை, சரியாகத் தூங்கவில்லை. சிநேகிதி ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு மனசு உடைந்துவிட்டது. "இது பொறக்காமயே இருந்திருக்கலாம். ஒரேயடியாப் போயிட்டா அதுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றேன்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். "பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு என்ன பேச்சு மதினி இது" என்றாள். மகள் பாயில் படுத்துக் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாலு வயதானபோது, கோட்டயம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று பாக்டரியில் யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட்டிப் போனார். அங்கே கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு இளம்பெண் இருந்தார். மலையாளத்துக்காரி. எங்களுக்காகத் தெரிந்த தமிழைக் கலந்து பேசினார். அவர் முதலில் கேட்டது, குழந்தை பிறந்ததும் எவ்வளவு நேரம் கழித்து அழுதாள் என்று. அந்த நேரத்தில் மூளைக்குக் காற்று போகாமல் ஒரு பகுதி கெட்டுவிட்டது, அது கை காலை ஆட்டுகிற பகுதி, யார் பாவமும் இல்லை என்றார். அடுத்து, "எப்படி ஊட்டும்? காட்டுங்கோ" என்றார்.

நான் மடியில் படுக்க வைத்துக் காட்டினேன்.

"அம்மே, இப்படிக் கொடுக்கண்டா, கொடுக்கக் கூடாது" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் கொடுத்தார். "தலையை நல்லா மேலே தூக்கி, இதைக் குடிச்சு நோக்குங்கோ."

கழுத்தை அண்ணாந்து ஒரு வாய் குடித்தேன். விழுங்க முடியவில்லை. மூச்சுக்குழலில் போய்ப் புரையேறி, கண்ணில் நீர் வர இருமினேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் இருமலுக்காக அழவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாலு வருடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, நானே என் கையால் கஞ்சியை அவள் நெஞ்சுக்குள் ஊற்றியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் சொல்லித் தந்தார். முதுகை நிமிர்த்தி, தாடை கொஞ்சம் கீழே இறங்கும்படி உட்கார வைக்க வேண்டும். கெட்டியாகக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். தொடைகளுக்கு நடுவே எதையாவது வைத்தால் கால் பின்னாது. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒன்றுக்கும் மருந்து வேண்டாம்.

பாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆசாரி, ஒரு பெட்டியை மூலையோடு அறுத்து நாற்காலி செய்து கொடுத்தார். முதுகு அந்த மூலையில் பொருந்தும். முன்னால் ஒரு பலகை, தொடைகளுக்கு நடுவே ஒரு கட்டை. மகள் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தாள். அதுவரை மோட்டையும் எங்கள் மூக்குத் துவாரங்களையும்தான் பார்த்திருப்பாள். அந்த வருடம் இரண்டே தடவைதான் காய்ச்சல் வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சிநேகிதியின் மகளுக்கு அவள் விளையாட்டுத் தோழியாகிவிட்டாள். ஒரு நாள் அந்தச் சிறுமி ஓடி வந்து, "அத்தை, பாப்பா வெல்லம் வேணுங்குது" என்றாள். மறையூர் வெல்ல உருண்டை ஒன்று வீட்டில் இருந்தது.

"அது எப்படிச் சொல்லும்? உனக்கு வேணும்ன்னா கேளு."

"இல்ல அத்தை, நெசமா. ஆமான்னா கண்ண மேல தூக்கும். இங்க பாருங்க." நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "பாப்பா, ஒங்க அப்பா பாக்டரியில இருக்காரா?"

என் மகள் கண்ணை மேலே தூக்கினாள்.

"ஒங்க அப்பா மரத்துல இருக்காரா?"

கண் நகரவில்லை. பிறகு வாய் கோணி, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். தகப்பன் மரத்தில் இருப்பதை நினைத்துச் சிரித்தாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?" என்று கேட்டார். அவள் கண்ணைத் தூக்கினாள். அவர் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அவருடைய லாரிக் கதைகளைக் கேட்டவள் என் பேச்சையும் கேட்டிருப்பாள். பல நாள் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, அவளுக்குத் தலை வாரி முடித்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஒரு தடவை, ஒனக்கு ரொம்பக் காய்ச்சல். அத்தை ரசம் கொண்டாந்தா. அன்னைக்கு அம்மா ஒண்ணு சொன்னேன். அது ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணை மேலே தூக்கினாள்.

"அம்மா மேல கோவமா?"

கண் மேலே போகவில்லை. என் முகத்திலேயே நின்றது. இல்லை என்பதற்கு அவளிடம் தனியாக அடையாளம் கிடையாது. கண்ணைத் தூக்காவிட்டால் இல்லை என்று நாங்களாக எடுத்துக்கொள்வோம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றாலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எதைச் சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை. "தெரியாமச் சொல்லிட்டேன் பாப்பா" என்று மட்டும் சொல்லி அவள் கையைப் பிரித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அந்த விரல்கள் மெல்ல மடங்கி என் முடியைப் பிடித்தன. வேண்டுமென்று பிடித்தாளா, தானாக மடங்கியதா, அதுவும் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. ஆனால் நெஞ்சு முந்தைய வருடங்களிலேயே கெட்டுப்போயிருந்தது என்று எஸ்டேட் டாக்டர் சொன்னார். நாலாம் நாள் காலை, கொழுந்துக்குப் போகும் பெண்கள் கம்பளி மூடிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அவள் தகப்பன் தோளிலேயே போய்விட்டாள். அவர் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

அவளுக்கு ஆறு வயது முடியவில்லை. "நல்ல வேளை, அது கஷ்டப்படாமப் போச்சு" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சிநேகிதி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

மூன்று மாதம் கழித்துக் கிரஷுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் போல ஆகியிருக்கும். நாலு மாதக் குழந்தை ஒன்று வந்தது. ஆண் குழந்தை. தூக்கியதும் தலை பின்னால் சாய்ந்தது. கட்டை விரல் உள்ளே மடங்கியிருந்தது. அன்று சாயங்காலமே அதன் தாயிடம் சொல்லிவிட்டேன். சின்னப் பெண், முதல் பிரசவம்.

"ஒங்க புள்ள மாதிரியே எல்லாப் புள்ளையும் இருக்கணுமாக்கும்?" என்று கேட்டுக் குழந்தையைப் பறித்துக்கொண்டு போனாள். பத்துப் பன்னிரண்டு நாள் கிரஷுக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லயத்தில் சிலரும் என்னிடம் கோபப்பட்டார்கள்.

பிறகு ஒரு காலை, புருஷனோடு வந்து அந்தக் கோட்டயத்து ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள். பஸ் விவரம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போய்வந்த பிறகு, பையனுக்குக் கஞ்சி ஊட்டும் வயது வந்ததும், எங்கள் வீட்டில் இருந்த நாற்காலியைக் கேட்டாள். என்னால் கொடுக்க முடியவில்லை. ஆசாரியிடம் சொல்லி அந்தப் பையனுக்குப் புதிதாக ஒன்று செய்து வாங்கிக் கொடுத்தேன்.

அதில் அவனை உட்கார வைத்து, தாடையை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு வாய் விழுங்கினான். புரையேறவில்லை. அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இது முன்னமே தெரிஞ்சிருந்தா ஒங்க புள்ள இருந்திருக்குமாக்கா?"

"இருந்திருக்கும்ன்னுதான் நெனைக்கேன்" என்றேன். "அவன் கேட்டுக்கிட்டு இருக்கான். மெதுவாப் பேசு."