காற்றுக்கு மீட்டர் பிடித்த வாரம்

காற்றை அளக்கிற வேலை என்று சொன்னால், பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட ஒருமுறை அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள். இந்தக் கையடக்கக் காற்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுகிற ஆட்களே, உங்களுக்குத் தெரியாததா?

கண்டியில் ஏ.சி., எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டுகிற சின்னக் கொம்பனி எங்களுடையது. ஃபில்டர் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு திங்கட்கிழமை பொஸ் மீட்டரைக் கொடுத்தார். "இந்த வாரம் தனியா போ சாந்தி. ஒருத்தர் ஃபோன்ல கோல் எடுத்துக் குறை சொன்னாலும் திரும்ப ஃபில்டர்தான்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கலஹா பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே மீட்டரை நீட்டி, பஸ் காற்றை அளந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

முதலாளியின் கதிரை

டவுனில் ஒரு புடவைக்கடை. யாழ்ப்பாணத்து முதலாளி ஏ.சி. காற்று வரும் வாயில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். அது ஜோராக ஆடியது. ஆனால் புடவை விரிக்கிற பெண்பிள்ளைகள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்கள். ஏணி போட்டு எல்லா வாயையும் அளந்தேன். முதலாளி உட்காரும் கதிரைக்கு மேலே மட்டும்தான் காற்று, மற்றதெல்லாம் பேருக்கு. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கணக்குப் போடுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ஓம் பிள்ளை, அதுக்குத்தானே நான் கதிரையை இங்க போட்டனான்."

நல்ல இடம்

ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலை பேக்டரி. நீளத் தட்டில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். மேலே மீட்டரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எங்கும் மந்தம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மீட்டரின் சின்னச் சிறகுச் சக்கரம் விர்ரென்று சுழன்றது. குனிந்து பார்த்தால் கொழுந்தே இல்லாமல் ஒரு பள்ளம், காற்றெல்லாம் அதன் வழியாகத் தப்பி ஓடுகிறது. யார் செய்த வேலை என்று கேட்டேன். கொழுந்து பரப்புகிற அக்கா சிரித்தார். "நம்ம பூனை படுக்கிற எடம் தங்கச்சி. நல்ல காத்து எங்க வருதுன்னு அதுக்கு மீட்டர் வேணாம்."

மடவளைச் சமையலறை

றமீஸா ராத்தா, அதாவது றமீஸா அக்கா, மடவளையில் வீட்டுப் பின்கட்டில் பகல் சோற்றுப் பார்சல் சமைத்து விற்கிறவர். ஒரே புகை. வெள்ளிக்கிழமைக்குள் புகை போகாவிட்டால் பூட்டு என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டார். நான் போனது வியாழன். புது ஃபேன், பெரிய ஃபேன், ஆனால் மீட்டரில் காற்றே இல்லை. கழற்றினேன், துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். ம்ஹூம். "இத மூடிட்டா என்ட புள்ளைகளுக்கு ஏது சோறு, மகள்?" என்றார் ராத்தா.

அப்போதுதான் ஜன்னல்களைப் பார்த்தேன். பரிசோதகர் வரும்போது ஈ இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் பொலித்தீன் ஒட்டி அடைத்திருந்தார். உள்ளே வர வழியில்லாத காற்றை ஃபேன் எங்கிருந்து இழுக்கும்? பொலித்தீனைக் கிழித்து, ஈயும் கொசுவும் புகாத நுளம்பு வலை அடித்தோம். அடேயப்பா! மீட்டர் எகிறியது, புகை மொத்தமும் ஃபேனுக்குள் ஓடியது. நான் ஏணியிலேயே குதித்தேன். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ். இவ்வளவு நாளும் காத்துக்குத்தானா கதவடச்சி வெச்சீந்த?"

சனிக்கிழமைக் கோல்

வெள்ளிக்கிழமை பரிசோதகர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை ஒஃபிஸில் ஃபோன் அடித்தது. ராத்தா. பொஸ் ஸ்பீக்கரில் போட்டார். குரலில் கோபம். போச்சு என்று நினைத்தேன். "ஃபேன் நல்லா இழுக்குது. ஆனா என்ட கறி மணமெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகுது. அந்த வீட்டுக்காரிட புள்ளைகள் அவ சமைச்சத திங்கிறல்லயாம், அவ சண்டைக்கி வந்தீக்கி. அந்தப் புள்ளய அனுப்பி ஏதாச்சும் செய்யுங்க." ஃபோனை வைத்த பொஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குறை குறைதான். ஆனா இப்படியொரு குறைய இந்தக் கொம்பனி இதுக்கு முன்னாடி வாங்கினதில்ல. மீட்டர எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

காற்று வராவிட்டாலும் புகார், வந்தாலும் புகார். நடுவில் நிற்கிறவளுக்குத்தான் சம்பளம்.