நடுவில் ஓட்டிவிட்ட பகுதி

அந்தக் கேசட்டில் இருந்த இசையை அழிக்கச் சொன்னது என் மகளுக்காகவா, எனக்காகவா? நாலு வருஷம் ஆகியும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு நாலு வயதில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. அரியலூர்ப் பக்கம் கரையோரக் கிராமத்தில் இருந்தோம். பள்ளிக்கூட மாடியில் இரண்டு நாள் அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் லெப்பைக்குடிக்காட்டில் வாடகைக்குக் குடிவந்தோம். அங்கே தூறல் விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் துபாயில் இருந்தார். கடிதம் எழுதமாட்டார்; கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். இவள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவாள். ஒரே கேசட் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

மறு வருஷம் ஐப்பசியில், பேசியதுபோக மிச்ச இடத்தில் ரேடியோவிலிருந்து ஓர் இசையைப் பிடித்து அனுப்பியிருந்தார். வெள்ளத்தில் மூழ்கிய ஏதோ வெளிநாட்டு ஊருக்காக எழுதியதாம். ஜாஸ் என்றாராம். கூட்டமாக வயலின்கள், அவற்றோடு நம் கல்யாண பேண்டு செட்டில் ஊதுகிற டிரம்பெட், சாக்சபோன், டிரம் எல்லாம். பக்கத்து வூட்டு அக்காவுக்குப் போட்டுக் காட்டு என்றும் சொல்லியிருந்தார்.

தினமும் மத்தியானம் போவோம். அவர் பேச்சு முடியும்வரை நானும் மகளும் வாசலில் நிற்போம். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிடுவாள், இஞ்சி தட்டிப் போட்ட டீ தருவாள். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது.

வயலின்கள் மெதுவாகத் தொடங்கும். நடுவில் டிரம்மும் டிரம்பெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பள்ளிக்கூட மாடியில் கேட்ட அதே வெள்ள இரைச்சல். முதல் நாளே எழுந்துபோய்ப் பட்டனை அழுத்தி ஓட்டிவிட்டேன். கடைசியில் ஒற்றைச் சாக்சபோன் மட்டும். மகள் அதற்குத் தலையாட்டுவாள். மழை நின்ன பாட்டு என்று பேர் வைத்தாள்.

தினமும் அந்த இடம் வந்ததும் ஓட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். "புள்ள பயப்படலக்கா. நீங்க பயந்துக்கிட்டு புள்ளைய சாக்கு சொல்றீங்க."

துபாய்க்குக் கிளம்புகிறவர் கேசட்டை வாங்கிப்போக வந்த அன்று, அவளுக்கு இசையை அழிக்க மனசு வரவில்லை. பெரம்பலூரில் புதுக் கேசட் வாங்கி அதில் பேசிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? இதுலயே பேசு. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

மகளுக்காகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தபோது, அந்த இரைச்சல் இனி இல்லை என்று மூச்சு லேசாக வந்தது.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மழை நாளில் இன்னும் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். போன வாரம் தலை பின்னும்போது கேட்டாள்.

"அந்தப் பாட்டுல நடுவுல என்னம்மா இருந்துச்சு?"

சும்மா சத்தம்தான் என்றேன்.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

நான் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். வெள்ளத்தைப் பற்றி அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்தால் மறந்துவிடுவாள் என்று நம்பினேன். புயலையோ வெள்ளத்தையோ பார்த்த பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் இருந்தால் எழுதுங்கள். அந்த இரண்டு நாளையும் உட்கார வைத்து முழுசாகச் சொல்லிவிடலாமா? ஒன்பது வயது போதுமா? சொல்லும்போது எனக்கு அழுகை வந்தால் என்ன செய்வது?