மூன்று முறை மாறிய காகஸ் தேதி

மென்பொருள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கட்சியின் வட்டார அலுவலகத்தில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இரண்டு அறைகள். நாள், நேரம் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் காலண்டரை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதிபர் தேர்தல் ஆண்டில் காலண்டர் வைத்திருப்பவனைத்தான் எல்லாரும் திட்டுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்காக ஒரே ஒரு காகஸைப் பற்றி எழுதுகிறேன்.

1. தேதி

அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாட்டுக்கு ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் டெலிகேட்டுகள், அதாவது பிரதிநிதிகள், போவார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்தான் காகஸ். ஒரே நாள், ஒரே கூடம். கட்சியில் பதிவு செய்த எவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு மூடும். அதற்குள் வரிசையில் சேர்ந்தவருக்கு ஓட்டு உண்டு. பார்க்கிங்கிலிருந்து ஓடி வருகிறவருக்கு இல்லை.

எங்கள் வட்டாரத்தில் இரண்டு கோஷ்டிகள். பழையவர்கள், புதியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் குறித்த சனிக்கிழமை மற்ற ஊர்களுக்கு முந்தி வருகிறது, தலைமை ஒப்புக்கொள்ளாது என்றார்கள் பழையவர்கள். மாற்றினோம். அடுத்த தேதி கல்லூரித் தேர்வு வாரம் என்றார்கள் புதியவர்கள். மாற்றினோம். அதற்கடுத்த தேதியில் தங்கள் தலைவருக்கு வேறு ஊரில் கூட்டம் என்று மறுபடி பழையவர்கள். மூன்றாவது முறையும் மாற்றினோம். விதிப்படி தர வேண்டிய முன்னறிவிப்புக்கு நாள் போதாது என்று நான் கூட்டத்திலேயே சொன்னேன். ஆட்சேபம் இல்லை என்று இரண்டு கோஷ்டியும் கைதூக்கின.

மேலாளர் கேரல் என் பக்கம் சாய்ந்து, “இன்னொரு தடவை மாற்றினால் நான் நாயைக் கூட்டிக்கொண்டு ஒரிகனுக்குப் போய்விடுவேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

2. விருந்தினர்

டெலிகேட்டாக நின்றவர்களில் ஒருவர் சுந்தரவடிவேல். ஈரோட்டுக்காரர், சிப் கம்பெனியில் எஞ்சினியர், புதியவர்கள் பக்கம். மனுக் கொடுத்த அன்று பழையவர்களில் ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டி, “உங்கள் ஆட்கள் நன்கொடை தருவார்கள். வரிசையில் நிற்க மாட்டார்கள்” என்றார். சுந்தர் புன்னகைத்துவிட்டுப் போனார். ஆனால் அதை மறக்கவில்லை.

மூன்றாம் முறை மாற்றிய தேதி வெளியானதும் எனக்கு ஃபோன் செய்தார்.

“சார், அன்னைக்கு எம்பொண்ணு மீனாவோட அரங்கேற்றமுங்க.”

“தெரியும். பத்திரிகை என் மேஜை மேலதான் இருக்கு.”

“ஹால் போன வருசமே புக் பண்ணுனது. பாட்டு, மிருதங்கம் எல்லாம் மெட்ராஸ்ல இருந்து விசா எடுத்து வர்றாங்க. அதை எப்படிங்க தள்ளி வைக்கிறது?”

“நடுவுல நீங்க ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். பத்து நிமிஷ டிரைவ்தானே.”

“நான் வந்துருவேன். எனக்கு ஓட்டுப் போடறவங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு ஓட்டுப் போடக்கூடிய தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டார் ஒருவர் விடாமல் அன்று அரங்கேற்றத்தில் இருப்பார்கள்.

பின்னாலிருந்து அவர் மனைவி மாலதியின் குரல் கேட்டது. “அங்கிள், இவரு ஓட்டு பேங்க்தான் எங்க கெஸ்ட் லிஸ்ட். கேட்டரிங்காரர்கிட்ட எத்தனை இலைன்னு கேட்டா ரிசல்ட்டையே சொல்லிருவாரு.”

கடைசியில் மாலதியே வழி சொன்னார். நடனத்தின் முக்கிய அங்கமான வர்ணம் முடிந்ததும் இடைவேளை. அது மூன்று மணிக்கு நன்றாக முன்னதாகவே வந்துவிடும். எல்லாரும் காரில் ஏறிப் போய், ஓட்டுப் போட்டுவிட்டு, தில்லானாவுக்குத் திரும்பிவிடலாம்.

3. வரிசை

நம் விழாக்கள் எந்த நேரத்துக்குத் தொடங்கும் என்பதைத் திட்டம் போட்ட மூவருமே கணக்கில் எடுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் 101 ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டார். வந்து சேர்ந்தவர் நெடுநேரம் பேசினார்.

நான் காகஸ் நடந்த பள்ளிக்கூடக் கேண்டீன் வாசலில் கதவுக்குப் பொறுப்பாக நின்றிருந்தேன். கதவு மூடச் சற்று முன்பு மினிவேன்கள் வரிசையாக நுழைந்தன. பட்டுப் புடவையும் வேட்டியுமாக இறங்கி, நேராக வரிசையில் சேர்ந்தார்கள். தோளைத் தட்டிய பெரியவர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேசரி அங்க இருக்கு, நாம இங்க இருக்கோம்” என்றார் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர். பின்னால் நின்றவர், “ஜெயிச்சா சுந்தர் இன்னொரு தரம் கிண்டித் தருவாரு” என்றார்.

சுந்தர் வரிசையின் நடுவில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஈரோட்டு உறவினர்களுக்காக அரங்கேற்றத்தை லைவாக விட்டிருந்தார்கள்.

“இடைவேளையா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. இப்பத்தான் வர்ணம் ஆரம்பிச்சுது.”

எட்டிப் பார்த்தேன். கேமராவை அரங்கின் பின்பக்கம் வைத்திருந்தார்கள். திரையின் மேல்பாதியில் மேடை, கீழ்ப்பாதி முழுக்கக் காலி நாற்காலிகள். முதல் வரிசையில் மாலதியும் நடன ஆசிரியையும் இன்னும் சிலரும் மட்டும். சுந்தர் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துக் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டார். மேடை மட்டும் தெரிந்தது. வரிசை நகர, அவரும் அப்படியே பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

மூன்று மணிக்குக் கதவை மூடினேன்.

4. கடிதம்

தேர்வானவர்களில் சுந்தர் பெயர் கடைசியாக இருந்தது. ஆனாலும் இருந்தது. அந்தப் பெரியவரே வந்து கைகொடுத்தார்.

சில வாரங்களில் தலைமையிடமிருந்து கடிதம் வந்தது. காகஸ் தேதிக்குப் போதிய முன்னறிவிப்பு தரப்படவில்லை என்று புகார். எனவே காகஸ் ரத்து. டெலிகேட்டுகளை மாநிலக் கமிட்டியே நியமிக்கும். புகார் கொடுத்தவர்கள், மூன்றாவது முறை தேதியை மாற்றச் சொன்ன பழையவர்கள். எதிர்பார்த்த அளவு இடங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேரல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “விதிப்படி அவர்கள் சொல்வது சரி” என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேர்வானவர்களுக்குச் சொல்வது என் வேலை.

சுந்தரைக் கடைசியாகத்தான் கூப்பிட்டேன். குடும்பத்தோடு காரில் இருந்தார், ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. சொன்னேன்.

“சரிங்க சார்” என்றார். பிறகு, “அன்னைக்கு வரிசையில நின்னோமுங்களே, அது எங்காவது கணக்குல இருக்குங்களா?”

“இல்ல சுந்தர். காகஸே நடக்கலைன்னு ஆயிடும்.”

பின் சீட்டிலிருந்து மீனாவின் குரல் வந்தது. கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்.

“ஸோ அங்கிள், டூ ஐ கெட் டு ரீடூ தி வர்ணம்? நானும் அதை மறுபடி ஆடலாமா?”

மாலதி அவளை அதட்டவில்லை.

நியமனத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் படிவம் அனுப்பினேன். சுந்தர் அதை நிரப்பவில்லை. அடுத்த தேர்தல் ஆண்டிலும் அவர் வரவில்லை. அவருடைய விருந்தினர்களும் வரவில்லை. நன்கொடை மட்டும் வந்தது.

அதன் பிறகு நான் வேலையில் இருந்தவரை, தேதியை மாற்றும் தீர்மானம் வரும்போதெல்லாம் எழுந்து, அந்த நாளில் யார் யாருக்கு என்ன நிகழ்ச்சி இருக்கிறது என்று விசாரித்துவிட்டீர்களா என்று கேட்பேன். முதலில் சிரித்தார்கள். பிறகு, நான் எழும்போதே “ஆமாம், ஆமாம்” என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒருவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் நீங்கள் கேளுங்கள்.