நீலப் பெட்டியில் ஒரு ஓட்டு

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒன்று, கிணறு ஒன்று. தொகுதி மட்டும் வேறு. வெள்ளைக்கார சர்க்கார் அப்படிப் பிரித்து வைத்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர் இந்து. அவருடைய ஓட்டு பொதுத் தொகுதிக்கு. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குத் தனித் தொகுதி, தனி வேட்பாளர், தனிப் பெட்டி. அந்தத் தனித் தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கூமாப்பட்டிக்கு மேற்கே மலையில் தொடங்கி ராமநாதபுரத்துக் கடலில் போய் விழுந்தது. நடுவில் ஊருக்குப் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை எல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

சாக்குக்குள் இருந்தவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? அதுவும் இல்லை. கடற்கரையில் இருந்தவர்கள் ஆர்.சி. சபை. மலையடிவாரத்தில் நாங்கள் புராட்டஸ்டண்டு. அவர்களைப் பற்றி நாங்கள் ஒன்று சொல்வோம், எங்களைப் பற்றி அவர்கள் இரண்டு சொல்வார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. அதனாலேயே பகை எந்தக் குழப்பமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இருபதுகளில் ஓட்டு என்பது பெரிய மனிதர் சமாச்சாரம். நிறையத் தீர்வை கட்டுகிறவர், வக்கீல், ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் பண்ணுகிறவர், இப்படி ஆட்கள்தான் போடுவார்கள். யாரோ நிற்பார், யாரோ ஜெயிப்பார், எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முப்பதுகளில் சட்டம் மாறியது. கொஞ்சம் தீர்வை கட்டினாலும் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தால் பெண்ணுக்கும் ஓட்டு. நான் கூமாப்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா சொந்த வயலுக்குத் தீர்வை கட்டுகிறவர், சபையில் மூப்பர். ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு. அப்பாவைவிட நான்தான் அதிகம் குதித்தேன். இருபத்து மூன்று வயசாகியும் கல்யாணம் ஆகாத பெண்ணை ஊர் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. சர்க்கார் கேட்டதே, குதிக்காமல் என்ன செய்ய?

எங்கள் பக்கத்து வேட்பாளர் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல், எங்கள் சபைக்காரர். அவருக்குப் பச்சைப் பெட்டி. கடற்கரைப் பக்கம் ஒரு சங்கு வியாபாரி நின்றார், ஆர்.சி. அவருக்கு நீலப் பெட்டி. எழுத்து தெரியாதவர்களும் போட வேண்டுமே என்று ஆளுக்கொரு நிறம் கொடுத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், வேண்டியவர் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அடுத்த வீட்டுக்காரர் கதர்க்கட்சி, காங்கிரஸ்காரர். அவர் எந்நேரமும் மஞ்சள் பெட்டி, மஞ்சள் பெட்டி என்று ஜபித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குழம்பில் மஞ்சளைக் குறைத்தால்கூடக் கோபித்துக்கொண்டார்.

வக்கீல் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. ரோடு பிரிகிற கிருஷ்ணன்கோவில் விலக்கில் காரை நிறுத்திக்கொண்டு, எங்கள் போதகருக்கு ஆள் விட்டார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். சபை ஓட்டு நமக்குத்தானே என்று வக்கீல் கேட்டார், நமக்குத்தான் என்று ஐயர் சொல்லி அனுப்பினார். கார் ராஜபாளையம் போய்விட்டது. எங்களுடைய ஜனநாயகம் அத்தோடு முடிந்தது.

சங்கு வியாபாரி ஓர் ஆளை அனுப்பினார். அவருடைய கிடங்கில் கணக்கு எழுதுகிற வாலிபர். பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டி கிடைக்காமல், வத்திராயிருப்பு வழியாக வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் ஓலைப் பொட்டலம். பொட்டலத்துக்குள் கருவாடு. தெருப் பூனைகள் அத்தனையும் பின்னாலேயே ஊர்வலமாக வந்தன. பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, ஓட்டுக்குக் கருவாடு லஞ்சமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, மலைப்பக்கம் மீன் கிடைக்காது என்று அம்மா கட்டிக் கொடுத்தார்கள், நான் சாப்பிடத்தான் என்றார். தேர்தல் வேலைக்கு வந்த மனுஷன் இப்படியா உண்மை பேசுவது? எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடேயே ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன்.

சாயங்காலம் எங்கள் சபைக் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். ஓட்டு உள்ள ஆண்கள் ஒருத்தரும் வரவில்லை, ஐயர் சொல்லியிருந்தார். ஓட்டு இல்லாத பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அரசியல் கேட்க இல்லை, கடலைப் பற்றிக் கேட்க. எங்கள் ஊரில் யாரும் கடலைக் கண்டதில்லை. கண்மாயைக் கண்டவர்கள். அதனால் கேள்வியெல்லாம் கண்மாய்க் கேள்வியாகவே வந்தது. கடலுக்கு எத்தனை மடை? மடையை யார் திறந்துவிடுவது? அடைமழை பெய்தால் மறுகால் எந்தப் பக்கம் பாயும்? சங்கு வியாபாரியின் அருமை பெருமைகளை மனப்பாடம் பண்ணி வந்தவர் திருதிருவென்று விழித்தார். மடை இருக்கிறதாகத் தெரியவில்லை என்று இழுத்தார். தெரியாவிட்டால் விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று என் அம்மா சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டே வந்துவிட்டார். வயசான மீன்பிடிக்காரர்களிடம் கேட்டாராம். அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். மடையும் கிடையாது, மறுகாலும் கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற கரையே ஒரு பக்கம்தான் என்றார். ஒரு பக்கக் கரையை நம்பி ராத்திரி எப்படித் தூங்குகிறார்களோ என்று எங்கள் பெண்கள் ரொம்ப விசனப்பட்டார்கள்.

வாரா வாரம் வந்தார். அப்பா வரப்பு வெட்டும்போது கூடவே நின்று நீலப் பெட்டியைப் பற்றிப் பேசுவார். அப்பா ம் என்றும் சொல்லமாட்டார், ஊஹும் என்றும் சொல்லமாட்டார். நான் அப்படியா? சண்டைக்குப் போவேன். உங்கள் ஆள் ஜெயித்தால் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வார் என்று மடக்குவேன். எனக்குத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்பார். சொன்னபடி கேட்டுக்கொண்டும் வருவார். ஒன்றும் செய்கிற உத்தேசம் எங்கள் முதலாளிக்கு இல்லை போலிருக்கிறது என்று ஒரு வாரம் வந்து வருத்தத்தோடு சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நன்றாகவே பிடித்துப்போயிற்று, இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தேர்தலுக்கு முந்தின வாரம் நேரே அப்பாவிடம் போய்ப் பெண் கேட்டுவிட்டார். அப்பா முடியாது என்றார். ஆர்.சி.க்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டுச் சபையில் மூப்பராக உட்கார முடியாது, இவளுக்குப் பின்னால் இருக்கிற தங்கச்சிமாரை யார் கட்டுவார்கள் என்றார். ஊர் வேறு மாதிரி பேசியது. பெண்ணைப் பிடித்து ஓட்டைப் பிடிக்கப் பார்க்கிறான் என்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. என் ஓட்டு என்ன கல்யாணச் சீரா? வக்கீல் நேரில் வராத மகராசன்தான், ஆனால் பெண்கள் படிப்புக்காக நாலு இடத்தில் பேசியவர். மனசு நீலத்துக்கு, ஓட்டு பச்சைக்கு என்று முடிவு கட்டினேன்.

ஓட்டுப் போடுகிற நாள் எங்களுக்குத் திருவிழாதான். வண்டி கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வத்திராயிருப்புச் சாவடிக்குப் போனோம். கிறிஸ்தவர்களுக்கென்று வைத்த அந்தச் சாவடியில் ஓட்டு முழுக்க எங்கள் சபை ஓட்டுதான். கழுத்தில் இருந்ததும் இரவல் வாங்கினதுமாக நகை பூட்டிக்கொண்டு நான் இறங்கியதைப் பார்த்து, ஓட்டுப் போட வந்தாயா, நிச்சயதார்த்தத்துக்கு வந்தாயா என்று கேலி செய்தார்கள். மறைப்புக்குள் போய்ப் பச்சையில் போட்டேன். வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் அவர் நீலத் துண்டைப் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாக நின்றார். அவர் பக்கம் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

மதுரையில் ஓட்டு எண்ணினார்கள். கடற்கரை ஊர்கள் அள்ளிக் கொட்டியதில் சங்கு வியாபாரி சுலபமாக ஜெயித்துவிட்டார். தோற்ற ஆத்திரத்தில் வக்கீலின் ஆட்கள் எங்கள் ஊருக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். வத்திராயிருப்பிலிருந்து போன நீலப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு இருந்ததாம். யார் போட்டது என்று சபை மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. சபை கொடுத்த வேலையில் இருந்துகொண்டு சபைக்கு எதிராக ஓட்டுப் போட்டவர், இனிமேல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமா என்று கேட்டார். பேர் சொல்லவில்லை, கண்ணால் சொன்னார். நான் எழுந்து நின்றேன். பச்சையில்தான் போட்டேன், நீலத்தில் போட்டிருந்தால் பயப்படாமல் சொல்லியிருப்பேன் என்றேன். ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. வேலை போகப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மனுஷன் வர வேண்டும்? மதுரையிலிருந்து நேரே வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சபை இருப்பதைக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், பெட்டியத் தெறக்கும்போது பக்கத்துலதான் நின்னேன். ஒரே ஒரு சீட்டு கெடந்துச்சு. இதை நான் சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன்."

ஐயர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்தில் யாருக்காகவும் பார்க்கத் தோன்றவில்லை.

"அது என் ஓட்டு இல்லை. உங்க ஆளுக்கு நான் போடலை."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. சபை நம்பாததை அவர் மட்டும் நம்பிவிட்டார். வேலையும் போயிற்று, இவரும் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த அப்பா மெதுவாக எழுந்தார்.

"அய்யரே, அது நான் போட்டது. எம் மவளக் கேக்காதிய."

மூப்பரே இப்படிச் செய்யலாமா என்று ஐயர் கேட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வக்கீலு நம்மகிட்ட வந்து ஓட்டே கேக்கல. போட்டுருவாங்கன்னு அவருக்குத் தெரியும். இந்தப் பய வாரா வாரம் வெயில்ல நடந்து வந்து கேட்டான். கேட்டு வந்தவன வெறுங்கையா அனுப்ப எனக்கு மனசு வரல. மூப்பர் வேலைய இப்பமே விட்டுருதேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அப்பா உட்காருவார் என்று பார்த்தேன். அவர் உட்காரவில்லை. எங்கள் சபையில் ஒரு கல்யாணம் என்றால், முன்கூட்டியே ஞாயிறுதோறும் கோயிலில் ஓலை வாசிப்பார்கள்; இந்த மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை சொல்ல இருக்கிறதா என்று ஐயர் கேட்பார். அப்பா சபைப் பக்கம் திரும்பினார். என் தங்கச்சிமார் இருந்த பக்கத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு ஐயர் கேட்கிற அதே நிறுத்தலோடு கேட்டார்.

"இவன் என்கிட்ட எம் மவளையும் கேட்டிருக்கான். நான் கொடுக்கப் போறேன். தடை சொல்லுதவுக இப்பமே சொல்லிருங்க."

யாரும் சொல்லவில்லை. ஐயர்கூடத் தொண்டையைத்தான் செருமினார். பெண் கேட்டவர் வாசலிலேயே செருப்புக்கு நடுவில் நின்றுகொண்டு என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஆண்பிள்ளைகள் என்னை நடுவில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்காமலேயே முடித்துவிடுவார்களோ என்று எனக்குத் திரும்பவும் கோபம் மூள ஆரம்பித்த நேரத்தில், அப்பா பெண்கள் பக்கம் பார்த்தார்.

"ஏட்டி, நீ என்ன சொல்லுத?"

சம்மதம் என்றேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த தொண்டை. கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது. ஆண்கள் பக்கத்தில் யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்று சொல்லிவிட்டார்.