லியென் அக்காவின் பத்தொன்பதாவது அத்தியாயம்

பச்சைப் பையைத் திருப்பி, அடியில் அச்சான தேதியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார் லியென் அக்கா. காலாவதியாக ஒன்பது நாள்தான் பாக்கி. அதை எடுத்துவிட்டு, சர்வர் கணினியின் தலையில் புதிய சோளப்பொரிப் பையை வைக்கிறார். அந்தத் தின்பண்டத்தின் பெயருக்கே 'சமர்த்தாயிரு' என்றுதான் பொருள்; அதைத் தலையில் வைத்தால் மிஷின் மக்கர் பண்ணாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பச்சை விளக்கு எரிய வேண்டுமென்றால் பச்சைப் பைதான் வைக்க வேண்டும். பிரிவுத் தலைவர் காவ் ஒருமுறை நல்லெண்ணத்தில் மஞ்சள் பையை வைத்துவிட்டார். "மஞ்சள் விளக்குன்னா எச்சரிக்கை தலைவரே! மிஷினுக்கே சூனியம் வைக்கறீங்களா?" என்று அக்கா போட்ட சத்தம் எங்கள் ஜியாயி நூலகத்தின் மூன்று மாடிக்கும் கேட்டது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்குள்ள கணினிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர் அக்கா. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிப்போட்டார். ஆறு வாரம் அவர் இல்லாவிட்டால் காவ்தான் பார்க்க வேண்டும். காவோ சர்வர் அறையில் ஒரு விளக்கு நிறம் மாறினாலே அக்காவுக்குப் போன் செய்பவர்.

யார் எந்தக் குறையைச் சொன்னாலும் அக்கா பரிந்துரைப்பது ஒரே புத்தகத்தை. கணினி நிர்வாகிகளுக்கான கையேடு, ஆயிரத்து நூறு பக்கம். நான்கு ஆண்டு ஊர் சுற்றிவிட்டு நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, வழியில் கைப்பை தொலைந்த கதையைச் சொன்னேன்.

"பாஸ்போர்ட்டுக்கு நகல் வெச்சிருந்தேல்ல? அந்த நகல் திறக்குதான்னு பார்த்தியா? பத்தொன்பதாவது அத்தியாயம் படி, பொண்ணே."

படித்தேன். கட்டளைகளின் பட்டியலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பழக்கங்களைச் சொல்கிறது. தொடும் முன் எழுதிவை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே. வெள்ளிக்கிழமை மாலை எதிலும் கை வைக்காதே. 'மீட்டுப் பார்க்காத நகல், நகலே அல்ல' என்ற வரியை அக்கா பச்சை மையால் அடிக்கோடிட்டிருந்தார்.

காவுக்கும் கொடுத்தார்.

"படிச்சீங்களா தலைவரே?"

"பாதி தாண்டிட்டேன் அக்கா. அருமையான புத்தகம்!"

"அப்படியா," என்று முழங்காலில் தைலத்தைத் தேய்த்தார் அக்கா. காவிடம் கொடுத்த புத்தகத்தின் பத்தொன்பதாவது அத்தியாயத்தில்தான் தன் விடுப்பு விண்ணப்பத்தைச் செருகியிருந்தார். மூன்று வாரமாக அது வெளியே வரவில்லை. சிகிச்சைக்கு மூன்றாவது முறையாகக் குறித்த நாள், வரும் திங்கட்கிழமை.

"நேரா கேட்டா கையெழுத்துப் போட்டுடுவாரே?" என்றேன்.

"போட்டுடுவார். அப்புறம் நான் மயக்கத்துல இருக்கும்போது போன் பண்ணுவார்."

வியாழன் மதியம் காவ் வந்தார். கையில் விண்ணப்பம், கையெழுத்துக்குப் பக்கத்தில் வான்கோழிச் சோற்றின் எண்ணெய் வட்டம்.

"நம்ம நூல் பட்டியலோட நகலை வேற மிஷின்ல மீட்டுப் பார்த்தேன் அக்கா. ரெண்டு தடவை சொதப்பிடுச்சு. மூணாவது தடவை வந்துடுச்சு."

"எழுதி வெச்சீங்களா?"

காவ் நோட்டை நீட்டினார். அக்கா வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் மட்டும் பேனாவால் திருத்தினார். பிறகு இழுப்பறையிலிருந்து புதிய பச்சைப் பையை எடுத்துத் தேதியைப் பார்த்தார்; நல்ல காலில் பாரத்தைத் தாங்கி எழுந்து, "குனிங்க," என்றார்.

பையைக் காவின் தலையில் வைத்தார். அது விழாதிருக்கக் காவ் அசையாமல் நின்றார்.